கூரையும் அடுப்பும்: தமிழ்க் கதைகளில் கூட்டுக்குடும்பம்

கேள்வி

கூட்டுக்குடும்பம் சிதைந்துபோயிற்று என்னும் வருத்தம் தமிழ்நாட்டில் கட்சி, சாதி, வயது ஆகிய பேதங்களைக் கடந்து பெரும்பாலோர்க்குப் பொதுவாக இருந்துவருகிறது. கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும் பெரியவர்களும், தீபாவளிப் பட்டிமன்றத்தில் பேசும் ஆசிரியர்களும், வார இதழ்களுக்குக் கடிதம் எழுதுவோரும் சொல்லுவது ஒரே சரித்திரம்: முன்னொரு காலத்தில் தாத்தாவும் பாட்டியும் பிள்ளைகளும் மருமக்களும் பேரக்குழந்தைகளும் ஒரே கூரையின் கீழ், ஒரே உலையில் வெந்த சோற்றை உண்டு வாழ்ந்தார்கள்; பிறகு பட்டணத்து நாகரிகம் வந்தது, படித்த மருமகள் வந்தாள், தனிக்குடித்தனம் கேட்டாள், வீடு இரண்டாயிற்று. இந்தச் சரித்திரத்தை நம் நாவல்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சொல்லிவந்திருக்கின்றன. திரைப்படம் அதைக் கண்ணீரோடு சொல்லிற்று. தொலைக்காட்சித் தொடர்கள் நாள்தோறும் சொல்லிவருகின்றன.

இச்சரித்திரம் எவ்வளவு தூரம் உண்மை என்பதும், குடும்பம் பிரிந்ததற்குக் காரணம் இன்னார் என்று நம் கதைகள் அளித்த தீர்ப்புக்கு ஆதாரம் உண்டா என்பதுமே இக்கட்டுரை ஆராயப் புகும் கேள்வி. என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் கதைகள் குடும்பத்தைக் கூரையால் அளந்தன. வாழ்க்கையிலோ குடும்பம் அடுப்பால் அளக்கப்பட்டுவந்தது. இவ்விரண்டு அளவைகளுக்கும் உள்ள வேற்றுமையைக் கவனியாமல் விட்டதனாலேயே, நிலமும் சம்பளமும் சட்டமும் செய்த காரியத்துக்கு மருமகள் என்னும் ஒருத்தி பழி சுமக்க நேர்ந்தது.

பழைய சான்றுகள்

குறுந்தொகையின் 167ஆம் பாடலில் கூடலூர் கிழார் காட்டும் செவிலித்தாய், தான் வளர்த்த பெண்ணின் புதுக்குடித்தனத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து நற்றாயிடம் அதை வருணிக்கிறாள். அங்கே தயிரைக் கையால் பிசைவதும், தாளிப்பின் புகை கண்ணில் படிய நிற்பதும், உண்ட கணவன் இனிதென்று சொல்லக் கேட்டு முகம் மலர்வதும் அந்தப் பெண் ஒருத்தியே; மாமியார், நாத்தனார், ஓரகத்தி என்று வேறெவரும் அவ்வடுக்களையில் தென்படுவதில்லை. ஒரு பாடலைக் கொண்டு ஒரு சமுதாய அமைப்பு முழுவதையும் அனுமானிப்பது தவறுதான். கவிஞர் தமக்கு வேண்டாத பாத்திரங்களை விலக்கியிருக்கவும் கூடும். ஆனால் சிலப்பதிகாரம் அவ்வித ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. மனையறம்படுத்த காதையின் இறுதியில் கோவலனின் தாய் தன் மகனையும் மருமகளையும் வேண்டிய செல்வத்தோடும் ஏவலரோடும் தனியே ஓர் இல்லத்தில் குடியமர்த்துகிறாள். கோவலனின் தந்தையும் புகார் நகரத்துப் பெருவணிகனுமான மாசாத்துவானின் மாளிகையில் இடமில்லை என்று எவரும் சொல்லமாட்டார்கள். இல்லறத்தை அவர்களே நடத்திச் சிறந்து விளங்கக் காண வேண்டும் என்பதே அத்தாயின் நோக்கம். தமிழின் முதற் காப்பியத்தில் தனிக்குடித்தனம் வைத்தவள் மாமியார், கேட்டவள் மருமகளல்லள்.

புகார் எனப்பட்ட காவிரிப்பூம்பட்டினமே தங்கள் பூர்விகம் என்று சொல்லிவரும் நாட்டுக்கோட்டை நகரத்தாரிடம் இந்த ஏற்பாடு ‘வேறு வைத்தல்’ என்ற பெயரோடு ஒரு சடங்காகவே வழங்கிவந்திருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளின் அமைப்பைச் சற்று நின்று பார்த்தால் இது விளங்கும். தெருவை நோக்கிய முகப்பு, அதைக் கடந்தால் நடுவே வானம் தெரியும் வளவு, வளவைச் சுற்றிலும் வரிசையாக அறைகள், அதற்கும் பின்னே இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று ஒரு தெருவில் நுழைந்து மறு தெருவில் வெளிவரும் அளவுக்கு நீண்ட வீடு. மகனுக்குக் கல்யாணமாகிச் சில காலம் சென்றதும், வளவைச் சுற்றியுள்ள அறைகளில் ஒன்று அவனுக்கு உரியதாகிறது. பாத்திரம் பண்டமும், ஆண்டுக்கு இவ்வளவு நெல் என்ற கணக்கும் அந்தத் தம்பதிக்கு ஒதுக்கப்படுகின்றன. அன்று முதல் மருமகள் தனி அடுப்பு மூட்டித் தன் கணவனுக்குத் தானே சமைக்கிறாள். கல்யாணமும் சாந்தியும் எல்லாருக்கும் பொதுவான வளவில் நடக்கும். சோறு மட்டும் தனி. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு அது நூறு பேர் வாழும் ஒரே குடும்பம். உள்ளே எத்தனை புகைபோக்கி உண்டோ அத்தனை குடித்தனம். இன்று கூட்டுக்குடும்பத்தின் பெருமையைப் படம் பிடிக்க விரும்புவோர் இந்த வீடுகளையே தேடிப் போகிறார்கள் என்பது இங்கே நினைக்கத் தக்கது.

வேறு சமூகங்களைப் பற்றிய சான்றுகளும் இத்திசையையே சுட்டுகின்றன. பிரமலைக் கள்ளர்களிடையே ஆராய்ச்சி செய்து 1957இல் நூல் வெளியிட்ட பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன், மணமான மகன் விரைவிலேயே தனியே குடித்தனம் போவதை அவர்களது வழக்கமாகக் குறித்திருக்கிறார். நிலமே இல்லாத உழைப்பாளி மக்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? பங்கிடச் சொத்தில்லாத இடத்தில் பாகப்பிரிவினையும் இல்லை, பங்காளிச் சண்டையும் இல்லை. பாமாவின் ‘சங்கதி’ காட்டும் பெண்கள் காட்டு வேலைக்குப் போய்க் கூலி வாங்கிவந்து, அந்தக் கூலியில் அரிசி வாங்கி, அதன்பின் அடுப்பு மூட்டுகிறவர்கள். அவர்கள் வீட்டில் ‘குடும்பத்தின் பழம்பெருமை’ என்று காக்கப்பட்டது எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. இவற்றோடு ஆயுட்காலத்தையும் கூட்டிக் கணக்கிட வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் பிறந்த குழந்தையின் சராசரி ஆயுள் 25 ஆண்டுக்கும் குறைவு. பேரன் தலையெடுக்கும்வரை தாத்தா உயிரோடிருப்பது அக்காலத்தில் எல்லா வீட்டுக்கும் வாய்த்த பாக்கியமன்று.

ஆயின் கூட்டுக்குடும்பம் வெறும் கற்பனையா? அல்ல. காவிரிப் பாசனத்து மிராசுதார்கள், ஜமீன்தார்கள், பெரும் பண்ணை வைத்திருந்த வேளாளர், அக்ரகாரத்து நிலச்சுவான்தார்கள் முதலியோரிடையே அது பிரத்தியட்சமாக இருந்தது. மிதாட்சரம் என்னும் இந்துச் சொத்துரிமை முறையும் ஆங்கிலேயர் நீதிமன்றங்களும் அதைக் கட்டிக்காத்தன. உணவு, வழிபாடு, சொத்து ஆகிய மூன்றிலும் ஒன்றுபட்டிருப்பதே அவிபக்த குடும்பம், அதாவது பிரியாத குடும்பம், என்பது வழக்கறிஞர்கள் வழக்கமாகச் சொல்லும் இலக்கணம். நம் முதல் நாவலாசிரியர்கள் பெரும்பாலும் இந்த வட்டாரத்திலிருந்தோ இதை அடுத்த உத்தியோக வட்டாரத்திலிருந்தோ வந்தவர்கள். ஒரு சிறு பகுதியினரின் வீட்டமைப்பு தமிழர் அனைவரின் பழம் வாழ்க்கையாக மாறியது இவ்வாறே என்று எனக்குத் தோன்றுகிறது.

நாவல் கண்ட பிளவு

கூட்டுக்குடும்பத்தைப் போற்றுவதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கும் தமிழ் நாவல், உண்மையில் அது அமைதியாக இருந்த காலத்தைக் காட்டியதே இல்லை. 1879இல் அச்சான வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில் பிரதாபனுக்கும் ஞானாம்பாளுக்கும் நடக்கவிருந்த கலியாணம் தடைப்படுகிறது. தடைக்குக் காரணம், மணமான பின் அவர்கள் யார் வீட்டில் வசிப்பது என்ற வழக்கு. வழக்காடுபவர்கள் இரண்டு தகப்பன்மார். பிள்ளையைக் கூரையின் கீழ் வைத்துக்கொள்ளும் உரிமை ஆண்களுக்குள்ளே கௌரவப் போட்டியாக எழுந்ததை நம் முதல் நாவலே மறைக்காமல் எழுதியிருக்கிறது.

‘விவேக சிந்தாமணி’யில் 1893 முதல் தொடராக வந்த ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திர’த்துக்கு வரும்போது பழி இடம் மாறிவிடுகிறது. சிறுகுளத்து முத்துஸ்வாமி ஐயரும் அவர் தம்பி சுப்பிரமணிய ஐயரும் ஒற்றுமையாக இருந்த வீட்டில் கலகம் விளைப்பவள் தம்பியின் மனைவி பொன்னம்மாள். ராஜம் ஐயர் பெரிய கலைஞர். வம்பு பேசும் பெண்களின் நாவசைவைக்கூட அவர் காதால் கேட்டு எழுதியிருக்கிறார். எனினும் பொன்னம்மாள் ஏன் அப்படியிருக்கிறாள் என்று அவர் வினவுவதில்லை. மூத்தாரின் பெருந்தன்மையில் உண்டு, ஓரகத்தியின் பெருமைக்கு அடங்கி, தன்னுடையதென்று சொல்ல ஒரு செம்புகூட இல்லாமல் வாழ்ந்தவளின் நிலையிலிருந்து அந்த வீட்டைப் பார்த்தால் சரித்திரம் வேறாகத் தெரியாதா?

அந்தக் காலத்திலேயே குடும்பத்தை மெய்யாக அசைத்துக்கொண்டிருந்த சக்தி ஒன்று, கதைகளில் அரைகுறையாகவே இடம்பெற்றது. அது உத்தியோகம். குடும்பப் பணத்தில் விசேஷக் கல்வி கற்று ஒருவன் வக்கீலாகவோ முன்சீபாகவோ ஆனால், அவன் சம்பாத்தியம் அவனுக்கா, ஊரில் வயலைப் பார்த்துக்கொண்டிருக்கும் அண்ணன் தம்பிகளுக்குமா? பழைய சாஸ்திர வியாக்கியானப்படி அது பொதுச்சொத்து. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வழக்கறிஞர் பாஷ்யம் ஐயங்கார் சென்னைச் சட்டசபையில் இதை மாற்றக் கொண்டுவந்த மசோதா சட்டமாகவில்லை. பல ஆண்டு விவாதத்துக்குப் பின், 1930ஆம் ஆண்டின் இந்துக் கல்விப்பேறுச் சட்டம்தான் படித்தவன் தன் படிப்பால் ஈட்டியது அவனுக்கே உரியது என்று தீர்மானித்தது. இச்சட்டத்துக்காக வாதாடியவர்கள் மருமகள்களல்லர்; கற்றறிந்த ஆண்கள். குடும்பத்தின் பொதுப் பணப்பெட்டியிலிருந்து தன் பங்கை முதலில் பிரித்தெடுத்தவன் மாதச் சம்பளம் வாங்கும் மகன் என்பதற்கு இதைவிட வலுவான சாட்சியம் வேண்டியதில்லை. ஆனால் சட்டசபையில் மகன் கேட்டது, கதையில் மருமகள் கேட்டதாயிற்று.

சுவரும் கோடும்

திரைப்படம் இத்தீர்ப்பைக் கண்ணால் காணச் செய்தது. 1959இல் பீம்சிங் இயக்கிய ‘பாகப்பிரிவினை’யில் அண்ணன் மனைவியின் மனக்கசப்பும் அவளுடைய உறவினனின் சூழ்ச்சியும் சேர்ந்து வீட்டின் நடுவே ஒரு சுவரை எழுப்புகின்றன. 1986இல் விசுவின் ‘சம்சாரம் அது மின்சாரம்’ வந்தபோது சுவருக்குப் பதில் தரையில் ஒரு கோடு. இந்த இரண்டுக்கும் இடையில் நிகழ்ந்த மாறுதல் முக்கியமானது. விசுவின் படத்தில் சச்சரவு பிறப்பது மூத்த மகன் தன் சம்பளத்தில் வீட்டுக்குக் கொடுக்கும் பங்கைக் கணக்குப் பார்ப்பதிலிருந்து. மூத்த மருமகள் உமா பிரிந்தவர்களைச் சேர்த்துவைக்கப் பாடுபடுகிறாள். சேர்த்துவைத்த பிறகு, இனி ஒரே வீட்டில் இருக்க வேண்டாம், தனித்தனியே இருந்து அன்போடு போய்வருவோம் என்று அவளே தீர்மானமாகச் சொல்லுகிறாள். வெகுஜனப் படமொன்றில், அதுவும் தேசிய விருது பெற்ற படத்தில், தனிக்குடித்தனம் துரோகமாக அன்றி விவேகமாகச் சொல்லப்பட்டதும், அதை மருமகளின் வாயால் சொல்லவைத்ததும் நம் விமரிசகர்கள் போதிய அளவு கவனிக்காத விஷயம்.

தொடர்களின் வீடு

1999இன் இறுதியில் சன் தொலைக்காட்சியில் ‘சித்தி’ தொடங்கியபின் தமிழ் வீடுகளின் இரவுப் பொழுது மாறியது. 2002இல் வந்த திருமுருகனின் ‘மெட்டி ஒலி’, தாயில்லாத ஐந்து பெண்களை வளர்த்து ஆளாக்கிய சிதம்பரம் என்னும் தகப்பனை நடுவில் நிறுத்தியது. அதில் வீடு ஒன்றாக இல்லை. புகுந்த வீடுகள் பலவாக விரிந்தன, ஒவ்வொரு மகளின் வழியாக ஒவ்வொரு வகையான மாமியார் வீடு தெரிந்தது. இன்றைக்கும் அதை மறுபடி பார்க்கிறவர்கள் உண்டென்றால், நடுத்தர வீட்டின் பணமுடையும் சீர்வரிசைக் கவலையும் அதில் மெய்யாகப் பதிவாகியிருப்பதே காரணம்.

அதற்குப் பிந்திய தொடர்கள் பல, நான்கு அண்ணன் தம்பிகளையும் அவர்கள் மனைவிமாரையும் ஒரே பெரிய வீட்டில் அடைத்துவைத்தன. தயாரிப்பு முறைக்கு இதில் பெரிய பங்குண்டு. வாரத்துக்கு ஐந்தாறு நாள் ஒளிபரப்பாகும் கதைக்கு, வாடகைக்கு எடுத்த ஒரே வீட்டில் எல்லாப் பாத்திரங்களையும் கூட்டி ஒரு நாளில் பல காட்சிகளை எடுத்துவிடுவது சிக்கனம்; கூடமும் மாடிப்படியும் கதவிடுக்கும் இருந்தால் ஒட்டுக்கேட்பதற்கும் எதிர்ப்படுவதற்கும் புதிய இடம் தேட வேண்டியதில்லை. சமுதாயத்தில் வீடுகள் சிறுத்துக்கொண்டே வந்த அதே ஆண்டுகளில் திரையில் வீடு பெருத்துக்கொண்டே போனதற்கு, மக்களின் ஏக்கத்தைப் போலவே கணக்குப் புத்தகமும் காரணம். 2018இல் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ தம்பிகளை வளர்ப்பதற்காகத் தமக்கென்று குழந்தை வேண்டாமென்றிருக்கும் மூத்த தம்பதியைத் தெய்வப் பிரதிமைகளாக நிறுத்திற்று. அத்தியாகத்தைக் கண்டு நெகிழாத நேயர் இல்லை. அந்த முடிவில் மூத்தவளின் பங்கு எவ்வளவு என்று கேட்ட நேயரும் அதிகமில்லை.

2022இல் தொடங்கிய திருச்செல்வத்தின் ‘எதிர்நீச்சல்’ இந்த மரபுக்குள்ளிருந்தே அதைப் புரட்டிப் பார்த்தது. ஆதி குணசேகரன் என்னும் மூத்தவன், தம்பிகளுக்குப் படித்த பெண்களைக் கட்டிவைத்து அவர்களை வேலைக்குப் போகவிடாமல் அடுக்களையில் நிறுத்துகிறான். அத்தொடரில் நான்கு ஓரகத்திகளும் காய் நறுக்கிக்கொண்டும் மாவு பிசைந்துகொண்டும் தணிந்த குரலில் பேசும் காட்சிகளே உயிர். கூடத்தில் ஆணின் முழக்கம், அடுக்களையில் பெண்களின் ஆலோசனை. ஓரகத்தி என்றாலே பகை என்று ‘கமலாம்பாள்’ காலம் முதல் பழகிவந்த கதை, இங்கே ஓரகத்திகளின் தோழமையாக மாறுகிறது. மேலும், அந்த வீட்டின் அதிகாரம் ஆட்டங்காண்பது வீட்டு மூதாட்டியான அப்பத்தாவின் பேரில் 40 சதவீதச் சொத்து இருப்பது தெரியவரும்போதுதான். பாசத்தின் பேரால் நடந்த ஆட்சிக்கு அடிப்படை பத்திரம் என்பதைத் தொடரின் கதாசிரியர் சரியாகக் கண்டிருக்கிறார். மருமகளைக் குடும்பத்தைக் கெடுப்பவளாகவோ தெய்வமாகவோ அன்றி, வழக்கில் ஒரு கட்சிக்காரியாகக் காட்டியது அதன் சிறப்பு.

அடுக்களையிலிருந்து

திரைக்கு இப்போது எட்டிய இந்தத் தரிசனம் இலக்கியத்தில் பெண் எழுத்தாளர்களால் முன்னரே அடையப்பட்டிருந்தது. 1988இல் வெளிவந்த தொகுப்புக்குப் பெயர் தந்த அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ ராஜஸ்தானத்து அஜ்மீரில் ஒரு பெரிய வீட்டில் நிகழும் கதை. அந்த வீட்டின் சமையலறை, பேருக்கேற்ப ஒரு மூலையில், வெளிச்சமும் காற்றும் சரிவர இல்லாமல் கிடக்கிறது. வெளியே மலை தெரியும். தெற்கிலிருந்து போன மருமகள் மீனாட்சி, வராந்தாவை விரித்துக் கொஞ்சம் வசதி செய்யலாமே என்று மாமனாரிடம் யோசனை சொல்லுகிறாள். பிறகு அந்த இடத்தில் துணி உலர்த்தும் கொடிகள் கட்டப்படுகின்றன, மலை மறைந்துபோகிறது. விவாதம் இல்லை, அதட்டல் இல்லை. ஒரு கயிற்றால் பதில் சொல்லியாயிற்று. கூட்டுக்குடும்பத்தைப் பற்றி எழுதப்பட்ட எத்தனையோ பக்கங்களை இந்த ஒரு நிகழ்ச்சியோடு ஒப்பிடுகையில், அந்தப் பக்கங்களில் அடுப்பு எரிந்துகொண்டே இருந்தும் எரிப்பவளை நாம் பார்த்ததில்லை என்பது உறைக்கிறது. அம்பை தம் கதையைத் தமிழ்நாட்டுக்கு வெளியே வைத்ததும் பொருத்தமே. கூரை மாறினாலும் அடுப்படியின் நியாயம் மாறவில்லை.

எதிர்ப்பக்கச் சான்றையும் சொல்லாமல் விடுவது ஆராய்ச்சிக்கு அழகன்று. தமிழ்நாட்டுக் குடும்பமொன்றில் தங்கி ஆராய்ந்து 1990இல் நூல் வெளியிட்ட அமெரிக்க மானிடவியலாளர் மார்கரெட் டிராவிக், அங்கே தாய்மார் தம் குழந்தையைக் காட்டிலும் ஓரகத்தியின் குழந்தையை வெளிப்படையாகக் கொஞ்சுவதையும், குழந்தைக்கு எல்லாருமே தாய் என்னும்படி பழகுவதையும் மிகுந்த பரிவோடு விவரித்திருக்கிறார். இத்தகைய வாத்ஸல்யம் உண்மை. பெரிய வீட்டில் வளர்ந்தவர்கள் அதை நினைத்து ஏங்குவதும் உண்மை. ஆனால் அந்த அன்பும் கூரையால் விளைந்ததன்று; அடுப்பைச் சுற்றி நின்ற பெண்கள் தங்கள் உழைப்போடு சேர்த்துக் கொடுத்தது அது.

இன்றைய வீடுகள்

நடைமுறையில் இப்போது குடும்பம் எப்படியிருக்கிறது? 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டின் 7.21 கோடி மக்கள் ஏறத்தாழ 1.85 கோடிக் குடித்தனங்களில் வாழ்ந்தார்கள். அதாவது, குடித்தனத்துக்குச் சராசரி நால்வருக்கும் குறைவு. இந்தக் கணக்கெடுப்பில் ஒரு குடித்தனம் என்பதன் இலக்கணம், சேர்ந்து வாழ்ந்து பொதுச் சமையலறையில் உண்பவர்கள் என்பதே. ரேஷன் கடைக்குரிய குடும்ப அட்டையைப் புதிதாகக் கேட்போரிடமும் தனிச் சமையல் உண்டா என்றே விசாரிக்கிறார்கள். நாவலாசிரியர் கவனிக்கத் தவறியதைச் சர்க்கார் குமாஸ்தா கவனித்திருக்கிறார்.

எந்தச் சிற்றூரிலும் இதைப் பார்க்கலாம். அப்பா கட்டிய வீட்டின் கீழ்த்தளத்தில் பெரியவன், மாடியில் சின்னவன். வாசலில் இரண்டு மின் மீட்டர், 2016 முதல் ஒவ்வோர் இணைப்புக்கும் 100 யூனிட் இலவசம் என்றானபின் அதன் அவசியம் இன்னும் கூடிற்று. இரண்டு எரிவாயு இணைப்பு, இரண்டு குடும்ப அட்டை. பொங்கல் பானை மட்டும் பொது. பெற்றோருக்கு இந்த மாதம் கீழே சாப்பாடு, அடுத்த மாதம் மேலே. இதைப் பிரிவு என்று சொல்லுவதா, கூட்டு என்று சொல்லுவதா? குஜராத்தின் மகுவா நகரத்தை ஆராய்ந்த ஐ. பி. தேசாய் 1964இலேயே, தனித்தனி வீடுகளில் இருந்தும் கடமையாலும் சொத்தாலும் பிணைந்திருப்போரைத் தனிக்குடும்பம் என்று எண்ணிவிடக் கூடாதென எச்சரித்தார். இந்த வாசலில் நிற்கும்போது அவர் சொன்னதன் நியாயம் புரிகிறது.

பெண்ணுக்குப் பங்கு என்ற சட்டமும் இதற்குள் வந்துவிட்டது. 1989 முதல் தமிழ்நாட்டில் மகளுக்கும் பிறப்பால் கூட்டுச்சொத்தில் பங்கு உண்டாயிற்று. முன்னரே மணமானவர்களுக்கு இல்லை என்றிருந்த வரம்பை 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தளர்த்திற்று. 2023 செப்டம்பரில் தகுதியுள்ள குடும்பத் தலைவியருக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை வழங்கப்படலாயிற்று. தொகை சிறிது, ஆயினும் அடுப்பை எரிப்பவளைக் குடும்பத்தின் தலைவி என்று அரசாங்கக் காகிதத்தில் எழுதியது சிறிய காரியமன்று.

ஆகவே கூட்டுக்குடும்பத்தின் வரலாறு இனித்தான் எழுதப்பட வேண்டும். அதற்கான மூலங்கள் நாவல்களில் மட்டும் இல்லை. சார்பதிவாளர் அலுவலகங்களில் நூறாண்டுக்கு மேற்பட்ட பாகப்பிரிவினைப் பத்திரங்கள் உறங்குகின்றன; பதிவாகாத கூர்ச்சீட்டுகள் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கின்றன. எந்த ஆண்டில், எந்த வருமானம் வந்தபோது, யார் கேட்டு, எதை எப்படிப் பிரித்தார்கள் என்பது அவற்றில் இருக்கிறது. பிரிந்த நாளில் எத்தனை அடுப்பு எரிந்தது என்பதைச் சொல்லக்கூடிய பாட்டிமார் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளும் வரலாற்றுத் துறைகளும் ஒரு மாவட்டத்தையாவது எடுத்துக்கொண்டு இப்பத்திரங்களைப் படித்துக் கணக்கெடுக்க வேண்டும். அதுவரையில், வீட்டை உடைத்தவள் மருமகள் என்ற தீர்ப்பைக் கதையாகவும் வசனமாகவும் பட்டிமன்ற வாதமாகவும் வழிமொழிவதை நாம் நிறுத்திவைக்க வேண்டும்.